செட்டும் காதலும்: எண்பதுகளின் அமெரிக்கப் பள்ளிப் படங்கள் எதைப் பேசின?

1985 பிப்ரவரியில் வெளியான ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ படத்தில், சனிக்கிழமை தண்டனை வகுப்புக்காகப் பள்ளி நூலகத்தில் அடைபட்டிருக்கும் ஐந்து மாணவர்கள் மதிய உணவைப் பிரிக்கும் காட்சி ஒன்று வருகிறது. கிளேர் என்ற பணக்கார வீட்டுப் பெண் சூஷி என்ற ஜப்பானிய உணவை எடுத்து வைத்து, சாஸ் ஊற்றி, குச்சிகளால் நிதானமாகச் சாப்பிடத் தொடங்குகிறாள். சூஷி என்றால் என்னவென்றே அமெரிக்கப் புறநகர்வாசிகளில் பலருக்குத் தெரியாத காலம் அது. மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ தன் பையிலிருந்து சாண்ட்விச்சுகளையும் சிப்ஸையும் பாலையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மேசையை நிரப்புகிறான். படிப்பாளி பிரையனுக்கு அம்மா சூப்பும், ஆப்பிள் சாறும், ஓரம் நறுக்கிய வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச்சும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். யாருடனும் ஒட்டாத அலிசன், சாண்ட்விச்சில் இருந்த இறைச்சித் துண்டை உயரே வீசிவிட்டு, ரொட்டிக்கு நடுவே சர்க்கரைப் பொடியையும் மொறுமொறுப்பான தானியத்தையும் கொட்டி நசுக்கித் தின்கிறாள். பெண்டரிடம் சாப்பாடே இல்லை. அவன் பிரையனின் பையைக் கிளறிக் கேலி செய்கிறான். பிரையனின் வீட்டில் அப்பாவும் அம்மாவும் எப்படிக் கொஞ்சிப் பேசுவார்கள் என்று நடித்துக் காட்டுகிறான். பிறகு, தன் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் நடித்துக் காட்டிவிட்டு, கையில் அப்பா சுருட்டால் சுட்ட தழும்பைக் காட்டுகிறான்.

அந்த ஐவருக்கும் பள்ளி இட்டிருக்கும் பெயர்களைப் படமே வாய்விட்டுச் சொல்கிறது: மூளைக்காரன், விளையாட்டு வீரன், கிறுக்கி, இளவரசி, குற்றவாளி. இவை குணத்தின் பெயர்கள். சாப்பாட்டுக் காட்சி காட்டுவதோ வீட்டின் வருமானத்தையும், வீட்டில் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள் என்பதையும். தொடக்கக் காட்சியிலும் இதே கணக்குத்தான்: மற்ற நால்வரும் பெற்றோரின் கார்களில் வந்து இறங்க, பெண்டர் மட்டும் நடந்து வருகிறான், அலிசனை ஏற்றிவரும் கார் அவன்மேல் மோதாத குறையாக வந்து நிற்கிறது. எண்பதுகளின் அமெரிக்கப் பள்ளிப் படங்கள் மாணவச் செட்டுகளைப் பற்றிய படங்கள் என்று பெயர் வாங்கியவை. அவற்றில் சிறந்தவை பணத்தைப் பற்றியவை என்பதும், பணம் போட்ட கோட்டைத் தாண்டும் வேலையைக் காதலிடம் ஒப்படைத்தவை என்பதும், அந்த வேலையைக் காதலால் செய்து முடிக்க முடியுமா என்பதில் அந்தப் படங்களுக்கே உறுதியில்லாமல் இருந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில், அந்தப் பள்ளியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க ஹைஸ்கூல் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஏறத்தாழ 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. 1910 வாக்கில் அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட ஹைஸ்கூல் படிப்பை முடிக்கவில்லை. 1940ஆம் ஆண்டுக்குள் பாதிப்பேர் முடித்தார்கள். இவ்வளவு வேகமாக விரிந்த கல்வி, கல்லூரிக்குப் போகப்போகும் வக்கீல் மகனையும் தச்சு வேலை கற்கவந்த தொழிலாளி மகனையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் நாள் முழுவதும் ஒரே வகுப்பறையில் அதே முகங்களோடு உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு அங்கே கிடையாது. ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் பாடத்துக்கு ஏற்ப வேறு வேறு அறைகளுக்குப் போகிறார்கள். கணக்கில் உடனிருந்தவன் வரலாற்றில் இருக்கமாட்டான். எல்லோரும் எல்லோர் கண்ணிலும் படும் இடங்கள் லாக்கர்கள் வரிசையாக நிற்கும் நடைவழியும் மதிய உணவுக்கூடமும்தான். யாரோடு உட்காருவது என்பதை அங்கே ஆசிரியர் தீர்மானிப்பதில்லை. ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் ஒரு கட்டடத்தில், தட்டை ஏந்திக்கொண்டு தனியாக நிற்க நேர்வதுதான் பெரிய அச்சம். செட்டு அந்த அச்சத்துக்கான காப்பீடு.

இதைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை. சமூகவியலாளர் ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1949இல் வெளியிட்ட ‘எல்ம்டவுன்ஸ் யூத்’ என்ற நூல், இல்லினாய் மாநிலத்துச் சிறுநகரம் ஒன்றின் பதின்வயதினரை ஆராய்ந்து, யார் யாரோடு பழகுகிறார்கள், யார் யாரோடு காதல் சந்திப்புக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் பெற்றோரின் வர்க்கத்தைத்தான் பெரும்பாலும் ஒட்டியிருக்கிறது என்று காட்டியது. 1961இல் ஜேம்ஸ் கோல்மன் அதே மாநிலத்தின் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து எழுதினார். எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, கெட்டிக்கார மாணவனாக என்பதைவிட நட்சத்திர விளையாட்டு வீரனாக என்று சொன்ன பையன்களே அதிகம். பெண்களும் படிப்பைப் பின்னுக்குத் தள்ளி, எல்லோருக்கும் பிடித்தவளாக, நிகழ்ச்சிகளை முன்நின்று நடத்துபவளாக இருக்கவே விரும்பினார்கள். நாம் பேசும் காலத்துக்கு இன்னும் பொருத்தமானது, மொழியியலாளர் பெனலப்பி எக்கர்ட் எண்பதுகளின் தொடக்கத்தில் டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளிகளில் செய்த களப்பணி. 1989இல் நூலாக வந்த அந்த ஆய்வில் மாணவர்கள் தங்களை ‘ஜாக்’ என்றும் ‘பர்ன்அவுட்’ என்றும் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஜாக் என்றால் விளையாட்டு வீரன் மட்டும் என்று பொருளில்லை. மாணவர் மன்றம், இசைக்குழு, ஆண்டுமலர் என்று பள்ளி தருவதையெல்லாம் ஏற்று, கல்லூரிக்கான சான்றுகளைச் சேர்த்துக்கொண்டே போகிறவன். பர்ன்அவுட் என்பவன் பள்ளிக்கு வெளியே, வேலையிலும் நகரத்திலும் தன் எதிர்காலத்தைப் பார்க்கிறவன். புகைக்கும் முற்றம்தான் அவன் இடம். கால்சட்டையின் அடிப்பகுதி எவ்வளவு அகலம் என்பதைக்கூட எக்கர்ட் கவனித்தார்: பழைய பெல்பாட்டம் முற்றத்துப் பக்கம், நாகரிகம் மாறிக் குறுகிய கால்சட்டை நடைவழிப் பக்கம். பெண்டரையும் கிளேரையும் எழுதிய திரைக்கதையாசிரியர் இந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை, அது அப்போது வந்திருக்கவே இல்லை. இருவரும் ஒரே நடைவழியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த நடைவழியில் வெள்ளையர் அல்லாத முகங்கள் ஏன் இவ்வளவு அரிது என்ற கேள்விக்கும் விடை பள்ளிக்கு வெளியேதான் இருக்கிறது. அமெரிக்கப் பொதுப்பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் பள்ளியும் வளமாக இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு அரசமைப்புக்கு முரணானது என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று 1954இல் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், 1974இல் டெட்ராய்ட் வழக்கில், நகரத்துக் கறுப்பின மாணவர்களையும் புறநகர் வெள்ளை மாணவர்களையும் மாவட்ட எல்லையைத் தாண்டிக் கலந்து படிக்கவைக்கும் திட்டத்தை நிறுத்திவிட்டது. நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபெயர்ந்த வெள்ளைக் குடும்பங்களுக்கு இதன்பின் அந்த எல்லையே வேலியாகிவிட்டது. ஆகவே எண்பதுகளின் படங்களில் தெரியும் பள்ளி, இனத்தைப் பொறுத்தவரை வடிகட்டல் முடிந்த பிறகு எஞ்சிய பள்ளி. வடிகட்டலுக்குப் பிறகும் உள்ளே மிஞ்சியிருக்கும் வேறுபாடான பணத்தை மட்டும்தான் இந்தப் படங்களால் பார்க்க முடிந்தது. அதைக் கூர்மையாகவே பார்த்தன என்பதையும் மறுக்கக்கூடாது.

‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ உட்பட இந்தப் படங்களில் பலவற்றை எழுதியவர், சிலவற்றை இயக்கியவர் ஜான் ஹியூஸ். 1950இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் சிகாகோவுக்கு வடக்கேயுள்ள நார்த்புரூக் என்ற புறநகருக்குக் குடும்பத்தோடு வந்து, அங்குள்ள கிளென்புரூக் நார்த் ஹைஸ்கூலில் படித்தவர். சிகாகோவில் விளம்பர வாசகங்கள் எழுதினார். பிறகு ‘நேஷனல் லாம்பூன்’ நகைச்சுவை இதழுக்கு எழுதினார். அவருடைய படங்கள் பலவும் நிகழும் ஷெர்மர் என்ற கற்பனை ஊரின் பெயர், நார்த்புரூக்கின் பழைய பெயரான ஷெர்மர்வில்லிலிருந்து வந்தது. அதைவிடச் சுவையானது, இந்தப் படங்களை எடுக்க அவருக்குப் பள்ளிகள் கிடைத்த விதம். போருக்குப் பிந்தைய பிள்ளைப்பேற்று அலை 1964 வாக்கில் ஓய்ந்ததால், எழுபதுகளின் இறுதியில் அந்தப் புறநகர்களில் மாணவர் எண்ணிக்கை சரிந்து, பெரிய பெரிய பள்ளிகள் மூடப்பட்டன. ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ படமாக்கப்பட்ட ஸ்கோக்கி ஊரின் நைல்ஸ் ஈஸ்ட் பள்ளி 1980இல் மூடப்பட்டது. ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ எடுக்கப்பட்ட மெய்ன் நார்த் பள்ளி 1981இல் மூடப்பட்டது. அந்தப் படத்தின் நூலகம் உண்மையான நூலகமன்று. காலியாகக் கிடந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போட்ட செட். (சினிமா செட்டைத்தான் சொல்கிறேன்.) பதின்வயதினர் குறைந்துகொண்டு வந்த காலத்தில்தான் பதின்வயதினரைப் பற்றிய படங்கள் இவ்வளவு வந்தன என்பது கவனிக்கத்தக்கது.

அதற்கு வியாபாரக் காரணங்கள் உண்டு. வார இறுதியில் மால்களில் சுற்றும் இளைஞர் கூட்டம் அங்கேயே இருந்த பலதிரை அரங்குகளுக்குள் புகுந்தது. 1981 ஆகஸ்டில் தொடங்கிய எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி, படத்துக்கு ஒரு பாட்டு இருந்தால் அந்தப் பாட்டே விளம்பரம் என்ற நிலையை உருவாக்கியது. ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’புக்காக சிம்பிள் மைண்ட்ஸ் குழு பாடிய பாட்டு 1985 மே மாதம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 என்ற புதிய தணிக்கைப் பிரிவு 1984 ஜூலையில் வந்தது. விண்கலமோ வெடிகுண்டோ வேண்டாம். நூலகமும் ஐந்து நடிகர்களும் போதும். சுமார் பத்து லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ அமெரிக்காவில் மட்டும் நான்கரைக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

ஹியூஸுக்கு முன்பே வந்த ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை’ (1982) இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கேமரன் குரோ என்ற பத்திரிகையாளர், சான் டியேகோவின் ஒரு ஹைஸ்கூலில் மாணவனைப்போலச் சேர்ந்து பழகி எழுதிய நூலிலிருந்து உருவான படம் இது; இயக்கியவர் ஏமி ஹெக்கர்லிங். இதில் பிள்ளைகள் பலர் மாலையில் வேலை பார்க்கிறார்கள், பீட்சா கடையிலும் பர்கர் கடையிலும் சீருடை மாட்டிக்கொண்டு. அந்த வேலைகளுக்குள்ளேயே மேல் கீழ் இருக்கிறது; பர்கர் கடையிலிருந்து நீக்கப்பட்ட பிராட், மீன் கடையின் கடற்கொள்ளையன் உடுப்பில் காரோட்டிப் போகும்போது ஒரு பெண் சிரிப்பதைக் கண்டு கூனிக்குறுகிப்போகிறான். பதினைந்து வயது ஸ்டேசி கருவுற்றபோது, கருக்கலைப்புச் செலவில் பாதியும் மருத்துவமனைக்கு அழைத்துப்போகக் காரும் தருவதாகச் சொன்ன பையன் வரவில்லை. அண்ணன் பிராட்தான் வாசலில் காத்திருந்து அழைத்துவருகிறான். கருக்கலைப்பைப் படம் பாவமாகவோ துயர நாடகமாகவோ ஆக்கவில்லை. பின்னாளில் வந்த பள்ளிப் படங்களில் இவ்வளவு உலர்ந்த நேர்மையை நான் அதிகம் பார்க்கவில்லை. காதல் கோட்டைத் தாண்டவைக்கும் என்ற நம்பிக்கை இந்தப் படத்தில் இல்லை. ஆகவே ஏமாற்றமும் இல்லை.

அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்தவர் ஹியூஸ். கொண்டுவந்த கையோடு சந்தேகத்தையும் கொண்டுவந்தார். நூலகத் தரையில் ஐவரும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கையில் பிரையன் ஒரு கேள்வி கேட்கிறான்: திங்கட்கிழமை நாமெல்லாம் மறுபடி பள்ளிக்கு வரும்போது என்ன ஆகும், நாம் இன்னும் நண்பர்களா? கிளேர் உண்மையைச் சொல்கிறாள்: இருக்கமாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்கள் அவள்மேல் பாய்கிறார்கள். ஆண்ட்ரூவிடம் அவள் கேட்கிறாள்: நீ உன் விளையாட்டுக் கூட்டாளிகளோடு நிற்கும்போது பிரையன் வந்து பேசினால் என்ன செய்வாய்? வணக்கம் சொல்லிவிட்டு, அவன் போனதும் அவனைக் கிழிகிழியென்று கிழிப்பாய். நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம் என்று பிரையனும் அலிசனும் சொல்லும்போது, உங்கள் செட்டு எங்களை அண்ணாந்து பார்க்கிறது, அதனால் உங்களுக்கு அது எளிது என்கிறாள். திமிராகச் சொல்லப்பட்ட இந்த வாக்கியத்தில் கோல்மனின் ஆய்வு முழுவதும் அடங்கியிருக்கிறது. அடுக்கின் மேல்பக்கம் இருப்பவருக்குத்தான் கீழே இறங்கிப் பழகுவதில் இழப்பு. கீழே இருப்பவருக்கு அது வரவு. நட்பைக்கூட வரவு செலவாகக் காணும் இந்தக் கண் கிளேருக்கு இருப்பதும், மற்றவர்கள் அதைக் கேட்க விரும்பாததும் படத்தின் மிகச் சிறந்த பகுதி.

இன்னொரு சிறு பேச்சும் இங்கே உண்டு. மதிப்பெண் சராசரியைக் காப்பாற்றிக்கொள்ள எளிதாக இருக்கும் என்று நினைத்துத் தொழிற்கல்விப் பாடத்தை எடுத்த பிரையன், யானை வடிவ விளக்கு ஒன்றைச் செய்ய, அது எரியாமல் போய்த் தோல்வியடைந்திருக்கிறான். அந்தத் தோல்வி அவனைத் தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோயிருக்கிறது. முட்டாள்கள் எடுக்கும் பாடம்தானே என்று அவன் சொல்ல, நானும் அதைத்தான் எடுத்திருக்கிறேன் என்கிறான் பெண்டர். கணிதமில்லாவிட்டால் பொறியியல் இல்லை என்கிறான் ஒருவன். விளக்கில்லாவிட்டால் வெளிச்சமில்லை என்கிறான் மற்றவன். பள்ளிக்குள்ளேயே கையால் உழைப்பவனுக்கும் மூளையால் உழைப்பவனுக்கும் தனித்தனிப் பாடங்கள் என்ற ஏற்பாட்டை ஹாலிவுட் இவ்வளவு எளிய சண்டையில் கொண்டுவந்தது அபூர்வம்.

பிறகு படம் என்ன செய்கிறது? கிளேர் அலிசனின் கண்மையைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிக் கட்டி, வெளிர்நிற உடையில் அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள்; ஆண்ட்ரூ அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்க்கிறான். கிளேர் பெண்டரை முத்தமிட்டு, தன் வைரத்தோட்டில் ஒன்றைக் கழற்றி அவன் கையில் வைக்கிறாள். பிரையனுக்கு ஜோடி கிடையாது. ஐவருக்கும் சேர்த்து ஆசிரியர் கேட்ட கட்டுரையை எழுதும் வேலை அவன் தலையில் விழுகிறது. திங்கட்கிழமைக் கேள்வியைக் கேட்டவனைத் தவிர மற்ற நால்வரையும் ஜோடி சேர்த்துவிட்டுப் படம் முடிந்துவிடுகிறது. செட்டு என்பது கூட்டத்தின் விவகாரம். அதற்கான தீர்வு இருவர் இருவராகக் கொடுக்கப்படுகிறது. அலிசனின் அலங்காரம் எனக்கு எப்போதும் கசப்பாகவே இருக்கிறது. எந்தச் செட்டிலும் இல்லாத ஒருத்தி, அழகான செட்டின் சாயலுக்கு மாறிய பிறகுதான் காதலுக்குத் தகுதியாகிறாள்.

வர்க்கத்தை மூடி மறைக்காமல் பேசிய படம் ‘பிரிட்டி இன் பிங்க்’ (1986). ஹியூஸ் எழுத, ஹோவர்ட் டூய்ச் இயக்கினார். ஆண்டி என்ற பெண்ணாக மோலி ரிங்வால்ட் நடித்தார். தாய் விட்டுப் போய்விட்டாள். தந்தைக்கு நிலையான வேலையில்லை. பழைய துணிகளை வெட்டித் தைத்துத் தானே உடை செய்துகொள்கிறாள். இசைத்தட்டுக் கடையில் வேலை பார்க்கிறாள். பள்ளியின் பணக்காரப் பிள்ளைகளுக்குத் தனிப்பெயரே உண்டு. அவர்களில் ஒருவனான பிளேன் அவளை விரும்புகிறான். முதல் சந்திப்புக்குப் பிறகு வீட்டில் கொண்டுவிடுகிறேன் என்று அவன் சொல்லும்போது அவள் மறுத்து, கெஞ்சி, கடைசியில் உடைந்து, நான் எங்கே வாழ்கிறேன் என்பதை நீ பார்க்க வேண்டாம் என்று அழுகிறாள். பள்ளிக்குள் உடையாலும் துணிச்சலாலும் அவள் மறைத்துவைத்திருந்த ஒன்றை முகவரி காட்டிக்கொடுத்துவிடும். பின்னர் நண்பர்களின் ஏளனத்துக்கு அஞ்சி, பிராம் என்ற பள்ளி ஆண்டிறுதி நடன விருந்துக்கு வேறொருத்தியை முன்பே அழைத்துவிட்டதாக பிளேன் பொய் சொல்கிறான். லாக்கர்களுக்கு நடுவில், என்னோடு வெளியே தெரிவதற்கு உனக்கு வெட்கம் என்று அவள் அவனைப் பார்த்துக் கத்தும் இடம், இந்த வகைப் படங்களில் திங்கட்கிழமை உண்மையிலேயே காட்டப்பட்ட மிகச் சில இடங்களில் ஒன்று.

அந்தப் படத்தின் முடிவுக்கு ஒரு கதை உண்டு. முதலில் எடுத்த முடிவில், ஆண்டி பிராமில் தன் சிறுவயதுத் தோழனான டக்கியோடுதான் நடனமாடுகிறாள். அவனும் அவளைப்போல வசதியற்றவன், அவளையே சுற்றிவருபவன். சோதனைக் காட்சி பார்த்தவர்களுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அவள் பிளேனோடு சேர வேண்டும் என்றார்கள். படக்குழு மறுபடி கூடிப் புதிய முடிவை எடுத்தது. அதற்குள் ஒரு நாடகத்துக்காகத் தலையை மழித்திருந்த, பிளேனாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி விக் மாட்டிக்கொண்டு நடித்தார். கவனித்துப் பார்த்தால் தெரியும். பழைய முடிவுக்கு எழுதிய பாட்டு பொருந்தாததால், ஓஎம்டி குழு ஒரு நாளைக்குள் புதிய பாட்டை எழுதிக் கொடுத்தது, அதுதான் படத்தைவிடப் பிரபலமாயிற்று. புதிய முடிவில் பணக்காரப் பையன் மன்னிப்புக் கேட்கிறான், ஏழைத் தோழனே அவளை அவனிடம் அனுப்பிவைக்கிறான். கோட்டைத் தாண்டும் காதலைப் பார்க்கத்தான் மக்கள் சீட்டு வாங்கினார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும் தன்மானத்தை வாங்க அவர்கள் தயாராக இல்லை. ஆனால் டக்கியோடு சேர்வதையும் நியாயமான முடிவு என்று நான் நினைக்கவில்லை. தனக்குப் பிடிக்காதவனை, அவனும் ஏழை என்பதற்காக ஒருத்தி ஏற்க வேண்டும் என்பது இன்னொரு விதமான வேலி.

அடுத்த ஆண்டே, அதே இயக்குநரோடு, ஹியூஸ் ‘சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்’ எழுதினார். பறிபோன முடிவை அவர் ஆண் பெண் இடம்மாற்றி மீட்டெடுத்த படமாகவே இது பரவலாகப் பார்க்கப்படுகிறது. தொழிலாளி வீட்டுப் பையன் கீத், பணக்காரச் செட்டோடு திரியும் அமாண்டாவை விரும்புகிறான். டிரம்ஸ் வாசிக்கும் தோழி வாட்ஸ் அவனை விரும்புகிறாள். அமாண்டாவும் கீத்தின் பக்கத்து வசதியற்ற பகுதியைச் சேர்ந்தவள்தான். பணக்காரப் பையன்களின் தயவில் அந்தச் செட்டில் இடம் பெற்றவள். அந்த இடம் எவ்வளவு வலுவற்றது என்பதை, கீத்தோடு வெளியே போக ஒப்புக்கொண்ட மறுகணமே தோழிகள் விலகுவதில் படம் காட்டுகிறது. கல்லூரிக்காகத் தந்தை வற்புறுத்திச் சேர்த்த பணத்தை எடுத்து கீத் வைரத்தோடு வாங்குகிறான். மகனின் பணம் போனதை அறிந்த தந்தைக்கும் அவனுக்கும் நடக்கும் சண்டைதான், என் கணக்கில், படத்தின் மையம்: ஒருவனுக்குக் கல்லூரி என்பது கோட்டைத் தாண்டும் வழி, மற்றவனுக்கு ஒருநாள் இரவு தலைநிமிர்ந்து நடப்பதே போதும். கடைசியில் அமாண்டா தோட்டைத் திருப்பிக் கொடுக்க, அது வாட்ஸின் காதுக்குப் போகிறது. இரண்டாண்டுக்கு முன் கிளேர் பெண்டருக்குக் கொடுத்த தோடு, இருப்பவள் இல்லாதவனுக்குத் தந்த நினைவுப்பொருள். இங்கே தோடு ஒரு தொழிலாளி மகனின் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பு.

அதே 1987இல் வந்த ‘கேன்ட் பை மீ லவ்’ இந்தக் கணக்கைப் பச்சையாகவே எழுதியது: புல் வெட்டிச் சேர்த்த ஆயிரம் டாலரைக் கொடுத்து, ஒரு மாதம் காதலியாக நடிக்கும்படி ஒரு சியர்லீடரை, விளையாட்டு அணிக்கு உற்சாகமூட்டி ஆடும் பெண்ணை, அமர்த்துகிறான் ஒருவன். செட்டுக்குள் நுழைந்த பிறகு, தொலைக்காட்சியில் பார்த்த ஆப்பிரிக்கச் சடங்கு நடனத்தைப் புது நடனம் என்று நினைத்து அவன் ஆட, பள்ளியே பின்னால் ஆடுகிறது. நகைச்சுவை நன்று, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்தக் கோடு தாண்டும் கதைகளுக்குள் யார் பலியானார்கள் என்பது நெடுங்காலம் பேசப்படவில்லை. ஹியூஸ் முதலில் இயக்கிய ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ (1984) படத்தில், அக்காவின் கல்யாணக் கூச்சலில் தன் பதினாறாவது பிறந்தநாளை வீடே மறந்துபோன சமந்தாவின் தவிப்பு உண்மையாக இருக்கிறது. ஆனால் அவள் கனவுகாணும் ஜேக், குடித்து நினைவிழந்த தன் காதலி கரோலினை, இன்னொரு சிறுவனிடம் காரோடு ஒப்படைத்து அனுப்பிவிடுகிறான். மறுநாள் காலை இருவருக்கும் நடந்தது நினைவில்லை, படம் அதைச் சிரிப்பாக முடிக்கிறது. வீட்டுக்கு வந்த ஆசிய மாணவன் திரையில் தோன்றும்போதெல்லாம் பின்னணியில் சேகண்டி ஒலிக்கிறது. 2018 ஏப்ரலில், அந்தப் படங்களின் முகமாக இருந்த மோலி ரிங்வால்டே ‘தி நியூ யார்க்கர்’ இதழில் எழுதினார். மகளோடு அமர்ந்து ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’பை மறுபடி பார்த்தபோது, மேசைக்கடியில் ஒளிந்த பெண்டர் கிளேரின் பாவாடைக்குள் பார்க்கும் காட்சி உறுத்தியதையும், படம் முழுவதும் அவன் அவளை அவமதித்துக்கொண்டே இருந்தும் இறுதியில் அவளைப் பரிசாகப் பெறுவதையும் அவர் சுட்டிக்காட்டினார். அந்தப் படங்கள் தம்மைத் தனியர்களாக உணர்ந்த பலருக்கு ஆறுதலாக இருந்ததையும் அவர் மறுக்கவில்லை. பெண்டரின் ஏழ்மை எவ்வளவு உண்மையோ, அந்த ஏழ்மைக்கு ஈடாக ஒரு பெண்ணைக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பதும் அவ்வளவு உண்மை. காதலிடம் வர்க்கத்தின் வேலையைக் கொடுத்தால், அந்த வேலையைச் செய்து களைப்பவள் பெரும்பாலும் பெண்ணாக இருக்கிறாள்.

பத்தாண்டு முடியும்போது இந்த நம்பிக்கையைக் கேலி செய்ய ஒரு படம் வந்தே தீர வேண்டியிருந்தது. 1989இல் அமெரிக்கத் திரைகளுக்கு வந்த ‘ஹெதர்ஸ்’, ஒரே பெயர்கொண்ட மூன்று பெண்கள் ஆளும் பள்ளியில், செட்டுத் தலைவியும் விளையாட்டு வீரர்களும் கொல்லப்பட்டு, கொலைகள் தற்கொலைகளாக மாற்றி எழுதப்படும் கறுப்பு நகைச்சுவை. அதில் நாயகி வெரோனிகாவின் காதலன் கோட்டைத் தாண்டவைப்பவன் இல்லை. கோட்டையே குண்டு வைத்துத் தகர்க்க நினைக்கும் கொலைகாரன். வெவ்வேறு வகை மனிதர்கள் உண்மையாகவே ஒத்துப்போகக்கூடிய ஒரே இடம் சொர்க்கம்தான் என்பது அவன் வாதம். திரைக்கதையாசிரியர் டேனியல் வாட்டர்ஸ் முதலில் எழுதிய முடிவில் பள்ளி வெடித்துச் சிதற, எல்லாச் செட்டுகளும் சொர்க்கத்தில் சேர்ந்து பிராம் கொண்டாடுவதாக இருந்தது. தயாரிப்புத் தரப்பு அதற்கு இசையவில்லை. வெளிவந்த முடிவில், வெரோனிகா தலைமையின் அடையாளமான சிவப்பு முடிப்பட்டையைப் பிடுங்கிக்கொண்டு, பள்ளியே ஒதுக்கிவைத்த மார்த்தாவிடம் போய், பிராம் இரவில் படம் பார்க்க வருகிறாயா என்று கேட்கிறாள். அந்தப் பத்தாண்டின் பள்ளிப் படங்களில், கோட்டைத் தாண்டும் வேலையைக் காதலிடமிருந்து வாங்கித் தோழமையிடம் கொடுத்த முடிவு இது. படம் அரங்குகளில் ஓடவில்லை. வீடியோ கேசட்டில்தான் ரசிகர்களைத் தேடிக்கொண்டது.

அதே ஆண்டு, ‘ஃபாஸ்ட் டைம்ஸ்’ எழுதிய கேமரன் குரோ தான் இயக்கிய முதல் படமான ‘சே எனிதிங்’கில் வேறொரு வழி கண்டார். எந்த வேலைக்குப் போவது என்று தெரியாத, கிக்பாக்ஸிங் பழகும் லாயிட், பள்ளியின் முதல் மாணவியான டயானைக் காதலிக்கிறான். படம் பட்டமளிப்பு நாளிலேயே தொடங்கிவிடுவதால் லாக்கரும் உணவுக்கூடமும் அதில் வேலையற்றுப் போகின்றன; அன்றிரவு விருந்தில் எல்லாச் செட்டும் ஏற்கெனவே கலைந்துவிட்டது, அவளுக்கு இத்தனை ஆண்டும் யாருமே நெருங்கிப் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. பணத்தின் கறை இங்கே பிள்ளைகளிடமில்லை. முதியோர் இல்லம் நடத்தும் டயானின் தந்தை அங்குள்ளவர்களின் பணத்தைக் கையாடியது வெளிவந்து, அவர் சிறைக்குப் போகிறார், மகளுக்கு அவர் அமைத்துக் கொடுத்த வாழ்க்கையின் அடித்தளம் அந்தத் திருட்டு என்பதும் வெளிப்படுகிறது. இந்தக் காதல் கைகூடுகிறது. ஆனால் அதற்கு இருவரும் அந்த ஊரையே விட்டு, அவளுடைய கல்வி உதவித்தொகை காத்திருக்கும் இங்கிலாந்துக்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது.